ஞாயிற்றுக்கிழமை மூடும் கடைகள்: ஜேர்மனியில் கண்டதும் எமக்கான பாடமும்

ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன என்று எமது ஊர்க் கடைக்காரர் எவரிடம் கேட்டாலும் "லாச்சி நிறையும் நாள்" என்றுதான் சொல்வார். அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கும் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கும் அன்றுதான் ஓய்வு. குடும்பத்தோடு டவுனுக்கு வந்து சாமான் வாங்கிப் போவதும் அன்றுதான். முப்பது வருடங்களுக்கு மேலாகப் பலசரக்குக் கடை நடத்தி வரும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறன்று கடையை மூடச் சொல்பவன் வியாபாரம் தெரியாதவன் என்பது என் எண்ணம்.

2024 செப்டம்பர் கடைசியில் ஜேர்மனியில் வாழும் என் தம்பியிடம் போய் ஒரு மாதம் தங்கி வந்தேன். அவர் பிராங்பேர்ட் நகரில், குடியிருப்பு வீடுகள் நிறைந்த ஒரு தெருவில், சிறிய ஆசியப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் டின், கருவாடு, குளிரூட்டிய மீன் எல்லாம் இருக்கும். யாழ்ப்பாணத்தார், இந்தியர், பாகிஸ்தானியர், ஆப்கானியர், ஜேர்மனியர் என்று பலரும் அவருடைய வாடிக்கையாளர்கள்.

நான் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை இரவு. மறுநாள் காலையில் தேநீர் போடப் பார்த்தால் வீட்டில் பால் இல்லை. "கடையைத் திறந்து ஒரு பெட்டி பால் எடுத்து வாருங்கள் தம்பி. அப்படியே இரண்டு மணித்தியாலம் திறந்து வைப்போம், நானும் வந்து நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அல்லவா, சனம் வரும்" என்றேன்.

தம்பி சிரித்தார். "நானா, பால் எடுத்து வரலாம். என் கடை, என் பால். ஆனால் கதவைத் திறந்து வைத்து ஒரு தேங்காய்ப்பால் டின்னை விற்றாலும் அது குற்றம். சாவி என் கையில் இருக்கிறது. நாள் என் கையில் இல்லை."

அந்தப் பதில் எனக்கு வியப்பாக இருந்தது. பெரிய வியாபார நாடு, உலகமெல்லாம் கார் விற்கும் நாடு. அங்கே ஒரு சிறு கடைக்காரர் தன் சொந்தக் கடையைத் தான் விரும்பிய நாளில் திறக்க முடியாதா? ஒரு மாதமாகக் கேட்டும் பார்த்தும் அறிந்துகொண்டதை எமது வியாபாரச் சகோதரர்களுக்காக எழுதுகிறேன்.

பழைய சட்டம்

ஞாயிறு ஓய்வு ஐரோப்பாவில் நேற்று வந்த விடயமல்ல. கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கொன்ஸ்டன்டைன், நீதிபதிகளும் நகரவாசிகளும் கைத்தொழில் செய்பவர்களும் ஞாயிறன்று ஓய்ந்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். விவசாயிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தார். விதைப்பும் அறுவடையும் நாள் பார்த்துக் காத்திருக்காது என்பது அதற்குக் காரணம்.

ஜேர்மனியில் இந்த ஓய்வு நாட்டின் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு, ஞாயிற்றுக்கிழமையையும் அரசு விடுமுறை நாட்களையும் வேலை ஓய்வுக்குரிய நாட்களாகப் பாதுகாத்தது. உலகப் போருக்குப் பின்னர் 1949இல் வந்த இன்றைய அரசியலமைப்பும் அந்த உறுப்புரையை அப்படியே தன்னுள் எடுத்துக்கொண்டது.

1956இல் கடை மூடும் நேரத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் நீண்ட காலம் கடைகள் வேலை நாட்களில் மாலை 6.30க்கும், பெரும்பாலான சனிக்கிழமைகளில் பிற்பகல் 2 மணிக்கும் மூடப்பட்டன. வேலை முடிந்து ஓடி வருபவர் ஐந்து நிமிடம் பிந்தினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். 1989இல் வியாழக்கிழமைகளில் மட்டும் இரவு 8.30 வரை திறக்க அனுமதி வந்தது. 1996இல் வேலை நாட்களில் இரவு 8 மணி, சனிக்கிழமை மாலை 4 மணி என்று நீட்டினார்கள். 2003இல் சனிக்கிழமையும் இரவு 8 மணியானது. 2006இல் இந்த அதிகாரத்தை மத்திய அரசு மாநிலங்களிடம் விட்டது.

அதன் பின்னர் மாநிலத்துக்கு மாநிலம் நேரம் வேறுபடுகிறது. பேர்லினிலும், பிராங்பேர்ட் அமைந்துள்ள ஹெஸ்ஸன் மாநிலத்திலும் திங்கள் முதல் சனி வரை எந்நேரமும் கடை திறக்கலாம். பவேரியாவில் பொதுவாக இரவு 8 மணியோடு கதவைச் சாத்த வேண்டும். ஆனால் ஞாயிறு மட்டும் எங்கும் பொது விதியாக மூடல்தான். ஆண்டுக்கு ஒரு சில ஞாயிறுகளில் மாத்திரம், சந்தை, விழா போன்ற ஒரு காரணத்தோடு, சில மணித்தியாலங்கள் திறக்கலாம். பல மாநிலங்களில் அது ஆண்டுக்கு 4 நாள். பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் 3 நாள்.

யாருக்கு விலக்கு?

உணவகங்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. பெற்றோல் நிலையங்களும், ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் உள்ள கடைகளும் பயணிகளுக்காகத் திறக்கலாம். பேக்கரிகள் ஞாயிறு காலையில் சில மணித்தியாலங்கள் பாண் விற்கலாம். பூக்கடைகளுக்கும் பத்திரிகை விற்பவர்களுக்கும் அவ்வாறே குறிப்பிட்ட நேரம் உண்டு. பாமசிகள் முறை வைத்துத் திறக்கின்றன. மூடியிருக்கும் பாமசியின் கதவில், இன்று எந்தப் பாமசி திறந்திருக்கிறது என்ற அறிவித்தல் தொங்கும்.

நான் ஒரு ஞாயிறு பிற்பகல் பிராங்பேர்ட் பிரதான ரயில் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தேன். அங்கிருந்த உணவுப் பொருட் கடையில் நின்றவர்களில் பாதிப் பேரிடம் பயணப் பை இல்லை. வீட்டில் முட்டையோ வெங்காயமோ முடிந்துபோனவர்கள்தான் வரிசையில் நின்றார்கள். சட்டம் பயணிக்காகத் திறந்த வாசலால் ஊராரும் நுழைகிறார்கள். விலையும் சற்று அதிகம்தான். மறதிக்கு அவர்கள் செலுத்தும் தண்டப்பணம் அது.

மறதிக்கு இடமில்லாத வாழ்க்கை

அங்குள்ள மக்கள் இதற்கேற்ப வாழப் பழகியிருக்கிறார்கள். சனிக்கிழமை பிற்பகலில் தம்பியின் கடையில் நிற்க இடமிருக்காது. ஒக்டோபர் 3ஆம் திகதி ஜேர்மனி ஒன்றுபட்ட நாள், அரசு விடுமுறை. 2024இல் அது வியாழக்கிழமையில் வந்தது. புதன்கிழமை மாலை கடைக்குள் வந்த கூட்டத்தைப் பார்த்தால் எமது பெருநாள் இரவுச் சந்தை ஞாபகத்துக்கு வரும். ஒரு நாள் மூடப்போகும் கடைக்கு ஒரு வாரம் மூடப்போவது போலச் சனம் அள்ளியது.

தம்பி விடுமுறை நாட்காட்டியைக் காசு வைக்கும் மேசைக்கு மேலேயே ஒட்டி வைத்திருக்கிறார். எந்த விடுமுறைக்கு முதல் நாள் எவ்வளவு கொத்தமல்லி, எவ்வளவு கோழி எடுப்பது என்பதை அதைப் பார்த்தே தீர்மானிக்கிறார். விடுமுறைகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நவம்பர் 1ஆம் திகதி அவருடைய மாநிலத்தில் சாதாரண வேலை நாள். ஒரு மணித்தியாலத் தூரத்தில், ஆற்றுக்கு அப்பால் இருக்கும் பக்கத்து மாநிலத்தில் அன்று கடைகள் மூடல். அங்கிருந்து அன்று இங்கே வந்து வாங்குபவர்களும் உண்டு.

சாமான் வருவதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது. 7.5 டொன்னுக்கு மேற்பட்ட சரக்கு லொறிகள் ஞாயிறன்று நள்ளிரவு முதல் இரவு 10 மணி வரை வீதியில் ஓட முடியாது. பால், இறைச்சி, மீன், விரைவில் பழுதாகும் மரக்கறி, பழம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே அரிசியும் டின் சாமான்களும் வெள்ளிக்கிழமைக்குள் களஞ்சியத்துக்கு வந்துவிட வேண்டும்.

இரண்டாவது ஞாயிறன்று நானும் ஒரு விதியில் மாட்டிக்கொண்டேன். வீட்டில் சேர்ந்திருந்த வெற்று ஊறுகாய்ப் போத்தல்களைத் தெருமுனையில் உள்ள பெரிய கண்ணாடித் தொட்டியில் போடப் போனேன். இரண்டு போத்தல் விழுந்த சத்தத்திலேயே எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒரு வயதான பெண்மணி தலையை நீட்டி ஏதோ சொன்னார். எனக்கு மொழி தெரியாது. விரலை நீட்டித் தொட்டியில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டினார். ஞாயிறும் விடுமுறை நாட்களும் தவிர்ந்த நாட்களில், பகல் வேளையில் மட்டும் போடலாம் என்று அதில் எழுதியிருந்ததாம். மீதிப் போத்தல்களோடு வெட்கப்பட்டுத் திரும்பினேன். புல் வெட்டும் இயந்திரத்தையும் குடியிருப்புப் பகுதியில் ஞாயிறன்று இயக்க முடியாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி காக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி.

"ஆரம்பத்தில் இது எனக்குச் சிறைச்சாலை போல இருந்தது. இப்போது திங்கட்கிழமை யாராவது சுவரில் துளை போட்டாலும், ஞாயிறு போடவில்லையே என்று பொறுத்துக்கொள்கிறேன்" என்றார் தம்பி.

கடைக்காரர் அறிந்திருக்க வேண்டிய வேறு விதிகள்

அங்கே கடை வைக்க நினைக்கும் எமது இளைஞர்களுக்கும், இங்கிருந்து பொருள் அனுப்பும் வியாபாரிகளுக்கும் சில விடயங்களைச் சொல்லி வைக்கலாம்.

முதலாவது, போத்தல் காசு. ஒருமுறை பாவித்து வீசும் பிளாஸ்டிக் போத்தல், பான டின் என்பவற்றுக்கு 25 சதம் யூரோ வைப்புப் பணம் சேர்த்து அறவிட வேண்டும். வெற்றுப் போத்தலைத் திருப்பித் தந்தால் அந்தக் காசைக் கொடுக்க வேண்டும். டின்னுக்கும் ஒருமுறை பாவிக்கும் போத்தலுக்கும் 2003 முதல் இந்த முறை இருக்கிறது. 200 சதுர மீற்றரை விடச் சிறிய கடைக்குச் சற்றுச் சலுகை உண்டு. தான் விற்கும் பிராண்டுகளின் போத்தல்களை மட்டும் திருப்பி எடுத்தால் போதும். பெரிய கடைகள் அந்த வகைப் பொதிகளை எந்தப் பிராண்டாக இருந்தாலும் மறுக்க முடியாது. தம்பியின் கடைக்குப் பின்னால் வெற்றுப் போத்தல் மூட்டைகள் ஒரு சுவரை மறைத்துக் கிடக்கின்றன. அதுவும் முடங்கிய முதல்தான்.

இரண்டாவது, விலை. தட்டில் இருக்கும் பொருளுக்கு விலை மட்டும் எழுதினால் போதாது. நிறை அல்லது அளவு கொண்டு விற்கும் பொதிக்கு ஒரு கிலோவின் விலை, ஒரு லீற்றரின் விலை என்னவென்றும் எழுத வேண்டும். 400 கிராம் பக்கற்றையும் 500 கிராம் பக்கற்றையும் பக்கத்தில் வைத்து வாடிக்கையாளரைக் குழப்ப முடியாது.

மூன்றாவது, பில். 2020 ஜனவரி முதல் மின்னியல் காசுப்பதிவு இயந்திரம் வைத்திருக்கும் கடைக்காரர் ஒவ்வொரு விற்பனைக்கும் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு பணிஸ் விற்றாலும் சீட்டு அடிக்க வேண்டும் என்று பேக்கரிக்காரர்கள் அப்போது பெரிதும் குறைப்பட்டார்கள். வாங்குபவர் அதை எடுத்துச் செல்ல வேண்டும் என்ற கட்டாயமில்லை.

நான்காவது, லேபல். எமது நாட்டிலிருந்து போகும் தூள் பக்கற்றானாலும் சரி, பிஸ்கட்டானாலும் சரி, உள்ளடங்கியவை என்ன, ஒவ்வாமை தரக்கூடியது எது, திகதி என்ன என்பன அந்த நாட்டு மக்களுக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். தம்பியும் அவருடைய பொடியனும் ஒரு மாலை முழுவதும் ஸ்டிக்கர் ஒட்டியதைப் பார்த்தேன். இங்கிருந்து அனுப்புபவர் அச்சிடும்போதே அதைச் செய்துவிட்டால் அங்குள்ள கடைக்காரர் அவருடைய பொருளைத்தான் முதலில் எடுப்பார். ஏற்றுமதி செய்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

வியாபாரிக்கு நட்டமா?

நான் தம்பியிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இதுதான். வருடத்தில் ஐம்பது நாளுக்கு மேல் கடை மூடல். வாடகை மட்டும் முழு மாதத்துக்கும். இது நட்டமில்லையா?

அவருடைய கணக்கு வேறு மாதிரி இருந்தது. "நானா, ஒரு வீட்டுக்கு மாதம் பத்துக் கிலோ அரிசி வேண்டுமென்றால், நான் ஞாயிறு திறந்தாலும் பத்துக் கிலோதான். ஞாயிறு வாங்குபவர் சனி வாங்குகிறார். அவ்வளவுதான். நான் ஞாயிறு திறந்தால் இன்னொரு ஆளுக்குச் சம்பளம், மின்சாரம், என் பிள்ளைகளோடு இருக்கும் நாளும் போகும். ஆனால் ஒன்று. பக்கத்துச் சுப்பர் மார்க்கெட் திறந்து நான் மூடினால் நான் செத்தேன். அவனும் மூடுகிறான், நானும் மூடுகிறேன். அதனால்தான் எனக்கு இந்தச் சட்டம் பிடித்திருக்கிறது."

இதுதான் விடயத்தின் மையம் என்று எனக்குப் பட்டது. பெரிய நிறுவனத்தால் ஆட்களை முறை மாற்றி ஏழு நாளும் நடத்த முடியும். சிறிய கடைக்காரர் தானும் மனைவியும் ஒரு பொடியனுமாக நிற்பவர். ஏழாவது நாளும் திறக்கும் போட்டியில் முதலில் களைத்து விழுபவர் அவர்தான்.

மறுபக்க வாதமும் இருக்கிறது. இணையத்தில் ஞாயிறன்றும் ஓடர் கொடுக்கலாம். வாடிக்கையாளர் சோபாவில் சாய்ந்தபடி வாங்குகிறார், நகரத்துக் கடைக்காரர் கதவைப் பூட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது வர்த்தகர் சிலரின் குறை. சில்லறையில் பெரும்பகுதி ஒத்திப்போகும் என்றாலும், ஐஸ்கிறீம், சிற்றுண்டி போல அந்த நேரத்து ஆசைக்கு வாங்குபவை ஒத்திப்போவதில்லை. அந்த வியாபாரம் பெற்றோல் நிலையத்துக்குப் போய்விடுகிறது.

வழக்குகளும் நடந்திருக்கின்றன. பேர்லின் மாநிலம் ஆண்டுக்கு பத்து ஞாயிறுகள் வரை கடை திறக்க இடமளித்தது. நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் அதற்குள் அடங்கின. இரு கிறிஸ்தவ சபைகளும் வழக்குத் தொடர்ந்தன. 2009 டிசம்பர் 1ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம், கடைக்காரரின் வருமான நோக்கமும் வாங்குபவரின் அன்றாட விருப்பமும் மாத்திரம் ஞாயிறு ஓய்வை உடைக்கப் போதிய காரணமாகாது என்று தீர்ப்பளித்தது. தேவாலயங்கள் மட்டுமன்றி, கடை ஊழியர்களின் தொழிற்சங்கமான வெர்டியும் இந்த விடயத்தில் உறுதியாக நிற்கிறது. ஞாயிறு திறக்க நகரசபைகள் கொடுக்கும் அனுமதிகளை எதிர்த்து அச்சங்கம் நீதிமன்றம் போவது வழமை.

அண்மைய வழக்கு ஒன்று எமக்கு இன்னும் சுவையானது. ஹெஸ்ஸன் மாநிலத்தின் புல்டா நகரைச் சேர்ந்த ஒரு சுப்பர் மார்க்கெட் நிறுவனம் ஆளே இல்லாத சிறு கடைகளை அமைத்தது. வாங்குபவர் தானே எடுத்து, தானே பணம் செலுத்திப் போக வேண்டும். ஊழியரே இல்லையென்றால் யாருக்கு ஓய்வு என்பது அவர்களின் கேள்வி. 2023 டிசம்பரில் மாநில உயர் நிர்வாக நீதிமன்றம், ஆள் இல்லாவிட்டாலும் அது கடைதான், ஞாயிறு மூட வேண்டும் என்றது. 2024இல் மாநில சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி, அப்படியான சிறு தானியங்கிக் கடைகளுக்கு ஞாயிறு அனுமதி கொடுத்தது. தம்பிக்கு அதில் கவலை. "ஆள் உள்ள கடை மூடல், ஆள் இல்லாத கடை திறப்பு. நாளை எனக்குப் போட்டி சுப்பர் மார்க்கெட் அல்ல, இந்தப் பெட்டிதான்" என்றார்.

வேறு நாடுகளில்

ஒவ்வொரு நாடும் வெவ்வேறு வழியைப் பிடித்திருக்கிறது. இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணித்தியாலம் மட்டுமே திறக்கலாம். சிறிய கடைகளுக்குக் கட்டுப்பாடில்லை. அங்கே மூலைக் கடை வைத்திருக்கும் ஆசிய நாட்டவர் பலருக்கு இது உதவியாக இருக்கிறது.

போலந்தில் 2018 முதல் படிப்படியாக ஞாயிறு வியாபாரத்தைத் தடை செய்தார்கள். ஆனால் முதலாளி தானே கல்லாவில் நின்றால் திறக்கலாம் என்று விலக்கு வைத்தார்கள். அதோடு தபால் நிலையங்களுக்கும் விலக்கு இருந்தது. உடனே பல கடைகள் பார்சல் எடுத்துக் கொடுத்து, தம்மைத் தபால் நிலையம் என்று சொல்லிக்கொண்டு திறந்தன. 2022இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஹங்கேரி 2015இல் தடை கொண்டு வந்து, மக்களின் எதிர்ப்பால் 2016இல் கைவிட்டது. சட்டம் எழுதினால் போதாது, ஊர் ஏற்க வேண்டும் என்பதற்கு இது உதாரணம்.

எமக்கு இது புதிதா?

யோசித்துப் பார்த்தால் எமக்கும் இந்த அனுபவம் உண்டு. இலங்கையில் 1966 முதல் 1971 வரை வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் இருக்கவில்லை. மாதத்தில் நான்கு போயா தினங்களும், அவற்றுக்கு முதல் நாள் அரை நாளுமே விடுமுறை. சந்திரனைப் பார்த்து வாரம் கூடிக் குறைந்தது. வெளிநாட்டு வங்கிகளும் கம்பனிகளும் திறந்திருக்கும் நாளில் இங்கே மூடல், அங்கே மூடும் நாளில் இங்கே திறப்பு. ஏற்றுமதி இறக்குமதி செய்தவர்கள் பட்ட சிரமத்தை வாப்பா அடிக்கடி சொல்வார். 1971இல் பழையபடி ஞாயிறு வந்தது.

இன்னொன்று, எமது கடைவீதியில் வெள்ளிக்கிழமை நண்பகல். ஜும்ஆவுக்கு எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் மூடுகின்றன. ஒருவரும் நட்டம் என்று சொல்வதில்லை. வாடிக்கையாளரும் அந்த நேரத்தை அறிந்தே வருகிறார். ஏனென்றால் எல்லோரும் மூடுகிறோம். தம்பி சொன்னதும் இதைத்தான்.

கடை ஊழியரின் ஓய்வுக்கு எமது நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வேலை நேரத்தை வரையறுத்து, வாரம் ஒன்றரை நாள் சம்பளத்துடன் விடுமுறை கொடுக்க வேண்டும் என்கிறது. ஜேர்மனியின் கடை மூடும் சட்டத்தை விட இரண்டு வருடம் மூத்த சட்டம். எமது கடைகளில் எத்தனையில் இது நடக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. என் கடையிலேயே நடக்கவில்லை.

என்னிடம் பதினொரு வருடம் நின்ற பொடியன் ஒருவர் இருந்தார். வாடிக்கையாளர் வாசலில் கால் வைக்கும்போதே என்ன வாங்குவார் என்று தெரிந்து வைத்திருந்தவர். மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள், "ஹாஜியார், மாதத்தில் இரண்டு ஞாயிறாவது லீவு தாருங்கள். புள்ளை என்னை வெள்ளி பகலில் மட்டும்தான் வெளிச்சத்தில் காண்கிறது" என்று கேட்டார். "ஞாயிறு மட்டும் கேட்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். பதிலாகச் சம்பளம் கூட்டிக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து அவர் கட்டாருக்குப் போய்விட்டார். அங்கே வெள்ளிக்கிழமை லீவு, ஆனால் புள்ளை இங்கே. அவருக்குப் பின் நான்கு பேர் மாறிவிட்டார்கள். ஒருவரும் ஒரு வருடம் நிற்கவில்லை. ஞாயிறு லாச்சியில் சேர்ந்த காசைத்தான் நான் எண்ணினேன். ஆள் மாறி மாறிப் போனதில் கணக்குப் பிழைத்ததையும், பழகிய வாடிக்கையாளர்கள் குறைந்ததையும் எந்தக் கொப்பியிலும் எழுதவில்லை.

பிராங்பேர்ட்டில் ஒரு ஞாயிறு மாலை, தம்பியின் கடையில் வேலை செய்யும் ஆப்கானியப் பொடியன் தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மைன் ஆற்றங்கரையில் நடந்து போனதைக் கண்டேன். தூரத்திலிருந்தே சலாம் சொன்னார். அப்போது எனக்கு ஞாபகம் வந்தது கட்டாருக்குப் போன பொடியன்தான்.

நாம் என்ன செய்யலாம்?

எமது நாட்டில் ஞாயிறு மூடும் சட்டம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எமது வாடிக்கையாளரின் வாழ்க்கை வேறு, அவருக்கு ஓய்வு கிடைக்கும் நாள் வேறு. ஆனால் மூன்று விடயங்களைச் செய்யலாம்.

ஒரு தெருவில் ஒரே தொழில் செய்யும் கடைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து, வியாபாரம் குறைந்த ஓர் அரை நாளைப் பொதுவாகத் தெரிவு செய்யலாம். தனியாக மூடுபவர் வாடிக்கையாளரை இழக்கிறார், சேர்ந்து மூடினால் இழப்பு மிகக் குறைவு. வர்த்தகர் சங்கங்கள் இதற்கு முன்வர வேண்டும். இரண்டாவது, கடையை மூட முடியாதவர்கள் ஊழியர்களின் லீவை முறை வைத்து எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். வாயால் சொன்ன லீவு, கூட்டம் வந்தால் காணாமல் போய்விடும். எழுதியது நிற்கும். மூன்றாவது, மூடும் நேரத்தை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே அறிவித்து, ஒருபோதும் மாற்றாமல் இருக்க வேண்டும். ஜேர்மனியில் மக்கள் பழகியது சட்டத்தின் கடுமையால் மட்டுமல்ல, அது வாரா வாரம் மாறாமல் இருப்பதாலும்தான்.

ஊர் திரும்பிய பின் எமது தெருவில் இருக்கும் மற்ற மூன்று பலசரக்குக் கடை முதலாளிமாரையும் சந்தித்தேன். ஞாயிறு பிற்பகல் 2 மணிக்குப் பின் வியாபாரம் மந்தம்தான் என்பதை மூவருமே ஒப்புக்கொண்டார்கள். இருவர் மூடச் சம்மதித்தார்கள். ஒருவர், "ஹாஜியாருக்கு ஜேர்மனிக் காற்றுப் பட்டுவிட்டது" என்று சிரித்தார்.

இப்போது எமது தெருவில் ஞாயிறு 2 மணிக்கு மூன்று கடைகள் மூடுகின்றன, ஒன்று திறந்திருக்கிறது. முதல் மாதம் என் வாடிக்கையாளர் சிலர் அங்கே போனார்கள். அது எனக்கு நட்டம்தான், மறைக்க மாட்டேன். அவர்களில் அநேகர் இப்போது ஞாயிறு காலையிலேயே என்னிடம் வந்துவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த பொடியன் பத்து மாதமாக நிற்கிறார். கட்டாருக்குப் போனவருக்கும் விடயத்தைச் சொல்லி அனுப்பினேன். "நல்லது ஹாஜியார்" என்று மட்டும் பதில் வந்தது.